டிவிக்குத் தாளம் போட்ட கணினிகள்

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். பிரான்ஸில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது 1967-இல். ரீயூனியன் தீவைப் போல நாமும் பிரெஞ்சு மண்ணாகவே நீடித்திருந்தால், புதுச்சேரியின் பிள்ளைச்சாவடிக் கூரைகளில் நின்ற ஆன்டெனாக்கள் பிரெஞ்சுக்காரரின் சீகாம் முறையில் வண்ணப் படம் பிடித்திருக்கும். 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது இந்தியா எடுத்துக்கொண்டதோ ஜெர்மனியில் பிறந்த பால் முறை. பாரிஸிலிருந்து ஆசையாகத் தூக்கிவந்த பழைய டிவியில் சென்னை நிலையம் ஒழுங்காகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் குழப்பம் கணினியையும் விடவில்லை. 1980களின் வீட்டுக் கணினிக்குத் திரை, கூடத்து டிவிதான். அதற்கான சிக்னலைக் கணினிக்குள் இருந்த சிப்பே தயாரிக்க வேண்டும். அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டி அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 128 நிறம் காட்டியது, பாலில் 104. சீகாமில்? வெறும் 8!

கதையின் ருசியான பகுதி கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி. நிறத்துக்கும் ப்ராசஸருக்கும் அதில் ஒரே கிரிஸ்டல்தான் தாளம். அமெரிக்கக் கணினியில் 14.318 மெகாஹெர்ட்ஸை 14-ஆல் வகுத்தார்கள், பாலில் 17.734-ஐ 18-ஆல். விடைகள் 1.023, 0.985. அதாவது பால் கணினி 4 சதவீதம் மந்தம், பாட்டின் சுருதியும் அதே அளவு இறங்கும். ஆனால் அமெரிக்கத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட, பால் திரைக்கு 50 முறை போதும். ஆகவே ஒரு திரைக்குக் கிடைக்கும் ப்ராசஸர் துடிப்புகள் அமெரிக்காவில் 17,095, பாலில் 19,656. மெதுவான கணினிக்குத்தான் அவகாசம் அதிகம்! ஐரோப்பிய இளைஞர்கள் அந்த உபரியையும் கடைசித் துளிவரை கறந்து நிரல் எழுதினார்கள். அந்த நிரல்கள் அமெரிக்காவுக்குப் போனதும் படம் நடுங்கியது, சில நின்றே போயின.

அமெரிக்கக் கணினிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பது இன்னொரு கூத்து. கமடோர் 64-இல் முதலில் வந்த 6567 வீடியோ சிப்பில் திரையின் ஒரு வரிக்கு 64 துடிப்பு, ஒரு திரைக்கு 262 வரி. பிறகு திருத்திய பதிப்பில் 65, 263. வெளியில் ஒரே பெட்டி, ஒரே பெயர். துடிப்பை எண்ணி எழுதிய நிரலுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

இந்தியப் பள்ளிகளுக்கு 1984-இல் 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் வந்தது பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினி. அதுவும் பால், அதுவும் 50 ஹெர்ட்ஸ், நல்ல பொருத்தம். ஆனால் அதன் டிவி இணைப்பு யுஎச்எஃப் அலைவரிசையில் பேசும், அக்காலத் தூர்தர்ஷனோ விஎச்எஃப்பில். யுஎச்எஃப் டியூனர் இல்லாத பழைய செட்டுக்கு அந்தக் கணினியை ஆன்டெனா வழியே காட்ட வழியில்லை, மானிட்டர்தான் வேண்டும்.

இப்போது ஐரோப்பியர் கமடோர் 64-க்கு எழுதிய பழைய விளையாட்டுகளை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலில்) ஓட்டிப் பார்ப்பவர்கள், பாட்டு அவசரமாக ஓடுவதாகப் பட்டால், அமைப்புகளில் பால் என்று மாற்றிப் பார்க்கலாம்.