முத்திரைக்குக் காவல் உண்டு, சான்றுத்தாளுக்கு?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நோட்டரி பயன்படுத்தும் முத்திரை வட்டமாயின் அதன் விட்டம் 2 அங்குலத்தையும், செவ்வகமாயின் அதன் அகலம் 1 அங்குலத்தையும் நீளம் 2.5 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. மாநிலச் சின்னம், நோட்டரியின் பெயர், அவர் பதவியுறுதியும் பிணைப்பத்திரமும் தாக்கல் செய்த கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் பெயர், உரிமம் முடியும் நாள், நோட்டரிக்கும் முத்திரை செய்தவருக்கும் ஒதுக்கப்பட்ட எண்கள் ஆகிய அனைத்தும் நகலெடுத்தாலும் தெளிவாகத் தெரியும்படி அதில் இடம்பெற வேண்டும். அதைப் பூட்டிய இடத்தில் தம் கைவசம் மட்டுமே வைத்திருப்பது நோட்டரியின் கடமை.

முத்திரைக்கு இவ்வளவு காவல் வைத்த சட்டம், அது பதியும் சான்றுத்தாளைக் காக்கத் தவறியிருப்பதே கவலைக்குரியது. கையெழுத்திட்டவர் நேரில் வந்து, தக்க அடையாளச் சான்றுடன், அக்கையெழுத்து தம்முடையதே என ஏற்றுக்கொண்டதைக் கூறும் ஒப்புகைச் சான்றின் வாசகத்தைச் சட்டமே வகுத்துள்ளது. நோட்டரி சரிபார்த்தது ஆளின் அடையாளத்தை மட்டுமே, ஆவணத்தின் உண்மையையோ செல்லுபடியையோ அன்று என்ற அறிவிப்பும் 2015 முதல் அதன் தலைப்பில் கட்டமிட்டு அச்சிடப்படுகிறது. ஆனால் எந்த ஆவணத்துக்காக, எத்தனை பக்கங்களுக்காக அச்சான்று அளிக்கப்பட்டது என்று குறிப்பிடுவதற்கு அந்த வாசகத்தில் கட்டாய இடமே இல்லை. தனித்தாளில் எழுதி இணைக்கப்படும் சான்றைக் கழற்றி வேறோர் ஆவணத்துடன் சேர்த்தால், முத்திரையும் கையெழுத்தும் அசலாகவே இருக்கும். மோசடி மட்டும் கண்ணில் படாது.

சொத்து ஆவணங்களுக்கும் அதிகாரப் பத்திரங்களுக்கும் கையெழுத்திட்டவரின் பெருவிரல் ரேகையை நோட்டரி தம் பதிவேட்டில் பெறுகிறார், ஆவணத்தின் வகையையும் அதில் எழுதுகிறார். எனினும் அப்பதிவேடு அவரிடமே தங்கிவிடுவதால் ஆவணத்தைப் பெறுபவர் அதைக் காண்பதில்லை. அங்கு வாழும் தமிழர் ஒருவர் ஊரிலுள்ள வீட்டை விற்க அதிகாரப் பத்திரம் அனுப்பும்போது இந்த இடைவெளி கடலையும் கடந்துவிடுகிறது. அதனுடன் சேரும் அப்போஸ்டில், அதாவது இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்த ஹேக் உடன்படிக்கையின்கீழ் அளிக்கப்படும் பன்னாட்டுச் சான்று, நோட்டரியின் கையெழுத்தையும் பதவியையும் முத்திரையையும் உறுதிசெய்கிறதேயன்றி, சான்றுத்தாள் அந்தப் பத்திரத்துக்குத்தான் உரியதா என்று ஆராய்வதில்லை.

மின்முறை நோட்டரிப் பணி இக்குறையைத் தீர்க்கும் என்போரும் உள்ளனர். ஆயினும் காகிதம் புழங்கும்வரை ஆபத்தும் நீடிக்கும். கவனமுள்ள நோட்டரிகள் ஆவணத்தின் பெயர், நாள், பக்க எண்ணிக்கை ஆகியவற்றைச் சான்றின் அடியில் விருப்பக் குறிப்பாகச் சேர்க்கின்றனர். கட்டமிட்ட அறிவிப்பைக் கட்டாயமாக்கிய சட்டமன்றம் அம்மூன்று வரிகளையும் கட்டாயமாக்குவதற்குத் தடையேதும் இல்லை.