வட்டத்துள் அடங்கும் பள்ளிகள்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் தமிழ்ப்பள்ளிகள் எவை? பட்டியலில் 'கோலாலம்பூர்' என்று எழுதியவற்றைப் பொறுக்கினால் போதும் எனக் கருதுவோர் உளர். போதாது. 1974ஆம் ஆண்டில் கோலாலம்பூர் சிலாங்கூரினின்று பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கும் பெட்டாலிங் ஜெயா சிலாங்கூர்ப் பட்டியலில் நிற்கின்றது. தோட்டம் துண்டாடப்பட்டு வேறிடம் பெயர்ந்த பின்னும் பழைய தோட்டப் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகளும் உண்டு. பெயரை நம்பித் தேடினால் பக்கத்துப் பள்ளியே கண்ணில் படாமற் போகும்.

ஆதலின் கணினியின் தரவுத்தளத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் இரண்டு எண்களைப் பதிந்து வைக்கின்றனர். பிரிக்ஃபீல்ட்ஸ் வட அட்சரேகை 3.13, கிழக்குத் தீர்க்கரேகை 101.69 என்க. கிள்ளான் 3.04, 101.45. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். 10 கிலோமீட்டருக்கு 0.09 பாகை. இதை நாற்புறமும் கூட்டியும் கழித்தும் பார்த்தால் 3.04 முதல் 3.22 வரை, 101.60 முதல் 101.78 வரை ஒரு சதுரம் கிடைக்கும். கிள்ளான் அட்சரேகையால் சதுரத்தின் விளிம்பைத் தொடுகிறது. தீர்க்கரேகையோ அதனைப் புறந்தள்ளிவிடுகிறது.

சதுரம் வட்டமன்று. அதன் மூலை நடுவிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும். எனவே சதுரத்துள் எஞ்சியவற்றுக்கு மட்டும் பூமியின் உருண்டை வடிவைக் கருதித் தொலைவைக் கணக்கிட்டு, மிகுந்தவற்றைக் களைய வேண்டும். ஆயிரக்கணக்கான இடங்களுக்குச் செய்ய வேண்டிய பெருங்கணக்கு இவ்வாறு சிலவற்றோடு முடிகிறது.

நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வதும் ஒரு வசதியே. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குவன. இலண்டனில் ஒரு பாகை 69 கிலோமீட்டர்தான். அங்கே இதே 0.09ஐ எடுத்தால் கிழக்கிலும் மேற்கிலும் 6 கிலோமீட்டரோடு தேடல் நின்றுவிடும்!

அட்சரேகையை மட்டும் வரிசைப்படுத்தி வைத்தாலும் பயன் குறைவே. 3.04க்கும் 3.22க்கும் இடைப்பட்ட பட்டை ஆப்பிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் சுற்றி வருமன்றோ? இரண்டு எண்களையும் ஒருசேரப் பார்க்கும் அடைவு வேண்டும். நிலப்பரப்பை நான்காகவும், அவற்றை மீண்டும் நான்காகவும் பகுக்கும் முறையை 1974இல் ஃபின்கெல், பென்ட்லி என்போர் வெளியிட்டனர். நீள்சதுரங்களுக்குள் நீள்சதுரங்களை அடுக்கும் கட்மனின் முறை 1984இல் வந்தது.

இவ்வளவும் நேர்க்கோட்டுத் தொலைவுக்கே பொருந்தும். கிள்ளானில் ஆற்றின் இரு கரைகளும் வட்டத்தில் ஒட்டியே இருக்கும். வண்டியில் செல்பவரோ பாலத்தை நாட வேண்டும். பழைய கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் நடப்போர்க்கென்றே அமைந்தது. பள்ளி வண்டிக்கு அது வழியாகாது. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கேட்பது சாலைத் தொலைவையே. அதற்குச் சாலைகளின் இணைப்புகளையும் தரவுத்தளத்தில் தனியே பதிந்து வைக்க வேண்டும்.