பக்கக்கழுத்து ஆமைகளும் அவற்றின் ஓட்டுத் துண்டுகளும்

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும், அதற்கப்பால் இடுக்கி மலைகளிலும் வாழும் ஆமைகள் யாவும் கழுத்தை நேராகப் பின்னுக்கிழுத்து ஓட்டினுள் ஒடுக்கிக்கொள்பவை. கொச்சி சமஸ்தானத்துக் காடுகளிலிருந்து பெறப்பட்டு, 1912-ல் ஹெண்டர்சனால் விவரிக்கப்பட்ட பிரம்பாமையும் அவ்வகையினதே. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்பின் கீழ் வைத்துக்கொள்ளும் ஆமைகள் இந்நாளில் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் உள்ளன; இந்தியாவில் இல்லை. எனினும் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை இங்கும் வாழ்ந்தன.

இதற்குச் சான்றை மேற்குறித்த மலைகளில் தேடிப் பயனில்லை. அங்குள்ள சார்னோக்கைட், நைஸ் பாறைகள் ஆமைகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தால் உருமாறியவை. கிழக்கே அரியலூரையடுத்த கல்லமேட்டின் படிவுப் பாறைகளிலும், பம்பாயில் எரிமலைக் குழம்புப் படுகைகளுக்கிடையே அமைந்த நன்னீர்ப் படிவுகளிலும், மகாராஷ்டிரத்துப் பிஸ்துராவிலும் அச்சான்று கிடைத்துள்ளது.

கழுத்தால் பெயர் பெற்ற இவ்வாமைகளைக் கழுத்தெலும்பைக் கொண்டு அறியும் வாய்ப்பு குறைவு; அது எளிதில் சிதறிவிடும். ஓட்டுத் துண்டே பெரும்பாலும் எஞ்சும். பக்கக்கழுத்து ஆமையின் இடுப்பெலும்பு மேலோட்டோடும் அடியோட்டோடும் எலும்பாகவே இணைந்திருக்கும். ஆதலால் அடியோட்டின் பின்துண்டு ஒன்று கிடைத்து, அதன் உட்புறத்தில் அவ்விணைப்பின் தழும்பு தெரியுமாயின், ஆமை எப்பெரும் பிரிவைச் சேர்ந்தது என்பது தெளிவாகும். அதற்குமேல் செல்வது கடினம்.

பம்பாய் ஆமையின் வரலாறு இதற்கு உதாரணம். 1852-ல் கார்ட்டர் அதனை விவரித்தார். பிற்காலத்தில் அது ஹைட்ராஸ்பிஸ் என்னும் தென் அமெரிக்கப் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. அப்பெயர் சரியெனில், இந்தியாவில் எங்குமே இல்லாத செலிட் குடும்பம் ஒருகாலத்தில் பம்பாயில் இருந்ததென்று ஆகிவிடும்! பிராணிகளின் பரவலைப் பற்றிய பெரிய முடிவொன்று சில ஓட்டெலும்புகளின்மேல் நின்றது. 1953-ல் வில்லியம்ஸ் அதனை மீண்டும் ஆராய்ந்து, அது பெலோமெடூசிட் ஆமையே என்று காட்டினார்; கார்ட்டரெமிஸ் என்ற பேரினப் பெயரும் அமைந்தது.

சிக்கல் அத்துடன் தீரவில்லை. 1977-ல் ஜெயின் பிஸ்துரா ஆமையையும் கார்ட்டரெமிஸ் என்றே அழைத்தார். பின்பு அது பர்மாவில் அறியப்பட்ட ஷ்வேபோஎமிஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 2020-ல் ஜெயினெமிஸ் என்ற தனிப் பேரினமாயிற்று. எலும்பு மாறவில்லை, பெயர்தான் இரண்டு முறை மாறியது.

மண்டையோடு கிடைத்தால் நிலைமை வேறு. காதுப் பகுதியின் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் விதம் குடும்பத்தையும் பேரினத்தையும் காட்டும். கல்லமேட்டு மண்டையோட்டை ஆராய்ந்த காஃப்னி, சட்டர்ஜி, ருத்ரா ஆகியோர் 2001-ல் அதனைப் போத்ரெமிடிட் என்னும் மறைந்த குடும்பத்தில் சேர்த்து, கூர்மத்தின் பெயரால் கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று பெயரிட்டனர். பம்பாயில் கிடைத்த மண்டையோடு ஒன்று 2003-ல் சங்குச்செமிஸ் எனப் பெயர் பெற்றது. இது கார்ட்டரின் ஆமையினுடைய தலையாகவும் இருக்கலாம். ஓடும் தலையும் சேர்ந்து ஒரே உடலாகக் கிடைக்கும்வரை இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இடமில்லை.

ஆகவே சேகரிப்போர் ஒரே இடத்துத் துண்டுகளைப் பிரிக்காமல், படுகையையும் கிடந்த நிலையையும் குறித்து ஒரே பொட்டலமாகக் கட்டுதல் வேண்டும். தழும்புள்ள தனித்துண்டாயின் சீட்டில் 'பக்கக்கழுத்து ஆமை, பேரினம் தெரியவில்லை' என்றெழுதினால் போதும்.