செம்மண் தூசிக்கு நடுவே ஒரு கணினி

ஆண்டிமடம் வட்டாரத்தின் மண் முந்திரிக்கு உகந்த மண். கணினிக்கு ஆகாத மண். கோடையில் முந்திரிக்கொட்டை உதிரும் பருவத்தில், பொறுக்க வசதியாகத் தோப்புகளில் மரத்தடியைக் கூட்டிவிடுவார்கள். மழை கண்டு மாதக்கணக்கான செம்மண் புழுதியாய் எழும்பும். அது அடங்குவதற்குள் ஆனி பிறந்துவிடும். ஆடி முடியும்வரை மேல்காற்று ஓயாது. ஜெயங்கொண்டம், விருத்தாசலம் சாலைகளில் லாரிகள் கிளப்பிவிடுவது தனிக்கணக்கு. சாலையோர இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ ஸ்டூடியோவிலோ காலையில் துடைத்த மேசை மதியத்துக்குள் மறுபடி சிவந்துவிடும். அந்த மேசைக்குக் கீழே, தரையோடு தரையாக, நாம் 'சிபியு' என்று சொல்லும் பெட்டி நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

உறிஞ்சியது எங்கே போகிறது என்று பெட்டியைத் திறந்தால் தெரியும். பிராசசர் மேலிருக்கும் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி போல ஒரு படலம். காற்று தகடுகளைத் தொடவே வழியில்லை. இன்றைய பிராசசர்கள் பலவும் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது 'சிஸ்டம் ஸ்லோ' என்பதன் காரணம் பல நேரம் இதுதான். நாமோ வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிக்கிறோம். தூசி அப்படியே இருக்க, ஃபார்மட் என்ன செய்யும்?

இதற்குத்தான் கேபினட்டின் முன்பக்கமும் அடியிலும் தூசி வடிகட்டி வைத்துத் தருகிறார்கள். நைலான் வலை, காந்தப் பட்டை ஒட்டிய வலை, ஸ்பாஞ்ச் எனப் பல வகை. ஆனால் வடிகட்டி தூசியை மட்டும் தடுப்பதில்லை, காற்றையும் தடுக்கும். வலை அடைக்க அடைக்க உள்ளே சூடு ஏறும். உடனே, "வலையைக் கழற்றிடுங்க, சரியாயிடும்" என்று ஒரு யோசனை வரும். கழற்றினால் அன்றைக்குச் சூடு குறையும் என்பது உண்மை. அடுத்த ஆடிக்குள் அந்தக் கம்பளிப் படலம் பழையபடி வந்துவிடும் என்பதும் உண்மை. நம் ஊருக்கு இந்த யோசனை ஆகாது. கழற்ற வேண்டியது வலையை அல்ல. மாற்ற வேண்டியது அதன் பின்னால் சுழலும் ஃபேனை.

ஃபேன் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைத் தள்ளும் என்பது; சிஎஃப்எம் என்பார்கள். இன்னொன்று அழுத்தம், தண்ணீர் மில்லிமீட்டரில் சொல்வார்கள். கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் முதல் எண்ணை. ஆனால் அது முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் ஃபேனைச் சுழலவிட்டு அளந்தது. அழுத்தத்தை அளப்பதோ காற்று போகும் வழியை முழுக்க அடைத்துவிட்டு. உங்கள் பெட்டி இந்த இரண்டு நிலைக்கும் இடையில் இருக்கிறது. வலையில் தூசி ஏற ஏற, அடைத்த நிலையை நோக்கி நகர்கிறது. ஆகவே வலை வைத்த பெட்டிக்கு இரண்டாவது எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் இரண்டு 120 மி.மீ. ஃபேன்களை எடுத்துக்கொள்வோம். எஸ்12ஏ மாடல் 1200 சுற்று வேகத்தில் 63 சிஎஃப்எம் காற்றும் 1.19 மி.மீ. அழுத்தமும் தருகிறது. ஏ12எக்ஸ்25 மாடல் 2000 சுற்றில் 60 சிஎஃப்எம், 2.34 மி.மீ. காற்றின் அளவை மட்டும் பார்த்தால் முதலாவதே மேல் என்று தோன்றும். பாதி அடைத்த வலைக்குப் பின்னால் கைகொடுப்பது இரண்டாவதுதான். அழுத்தம் இரு மடங்கு, வேகத்திலும் கையிருப்பு உண்டு. இந்த வேகக் கையிருப்பை லேசாக எண்ண வேண்டாம். ஃபேனின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். அழுத்தமோ நான்கில் ஒன்றாக இறங்கிவிடும். சத்தம் வராத ஃபேன் வேண்டும் என்று குறைந்த வேக ஃபேனைத் தேடி வாங்குபவர்கள் வலையிடம் தோற்பது இதனால்தான். நாக்டுவா கைக்கு எட்டாத விலை என்றால், ஆர்க்டிக் பி12 போன்ற ஃபேன்கள் அதே அளவை ஒட்டிய அழுத்தத்தைக் குறைந்த விலையில் தருகின்றன. எதுவானாலும் நான்கு பின் உள்ள பிடபிள்யூஎம் ஃபேனாக வாங்குங்கள்; சூட்டுக்கேற்ப வேகத்தை மதர்போர்டே கூட்டிக் குறைக்கும்.

சுழலும் மையத்தையும் விசாரிக்க வேண்டும். மலிவு ஃபேன்களின் ஸ்லீவ் பேரிங் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் வறண்டு கரகரக்கும். ஃப்ளூயிட் பேரிங் அல்லது இரட்டை பால் பேரிங் தாங்கும். தொழிற்கூடங்களுக்கென ஐபி52 தரத்தில் தூசிக் காப்புள்ள ஃபேன்களும் வருகின்றன. அந்தக் காப்பு ஃபேனின் மோட்டாருக்கு மட்டுமே, பெட்டிக்குள் இருக்கும் மற்றவற்றுக்கு அல்ல.

இனி, எத்தனை ஃபேனை எங்கே வைப்பது? உள்ளே தள்ளும் காற்று, வெளியே இழுக்கும் காற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது பெட்டிக்குள் அழுத்தம் மிஞ்சி, மூடிகளின் இடுக்கு, யுஎஸ்பி ஓட்டை எல்லாவற்றின் வழியாகவும் காற்று வெளியே வரும். தூசி அந்த வழியில் நுழையாது. தலைகீழாக அமைத்தால் வலை இல்லாத ஒவ்வோர் இடுக்கும் தூசிக்கு வாசல். முன்பக்கம் வலையோடு இரண்டு, பின்பக்கம் வலையில்லாமல் ஒன்று. சாதாரணக் கடைக் கணினிக்கு இதுவே போதும். பின்னால் உள்ளதைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிடுங்கள். ஃபேனில் கம்பிச் சட்டமும் ஸ்டிக்கரும் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். திசை மாற்றிப் பூட்டிய பெட்டிகள் நிறைய உண்டு. சரியாக அமைந்ததா என்று பார்க்க ஓர் ஊதுவத்தி போதும். பக்கமூடியின் இடுக்கருகே பிடியுங்கள். புகை விலகிப் போனால் சரி. உள்ளே இழுபட்டால் பின் ஃபேனின் வேகத்தைக் குறையுங்கள்.

கண்ணாடி முகப்பும் வண்ண விளக்குமாக வரும் கேபினட்டுகள் நம் பையன்களுக்குப் பிடித்திருக்கின்றன. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிவிட்டு, ஓரத்தில் விரல் அகல இடைவெளி விட்டால் எந்த ஃபேனும் மூச்சு முட்டும். விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை வலை முகப்புள்ள கேபினட்டுக்குக் கொடுங்கள் என்பதே என் கருத்து.

கொசுவலையை வெட்டி ஒட்டுவோரும் இருக்கிறார்கள். நூலையும் முடியையும் அது பிடிக்கும். செம்மண்ணின் நுண்தூசி அதன் கண்கள் வழியே தாராளமாகப் போய்விடும். ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான். கணினிக்கென்று விற்கும் நெருக்கமான நைலான் வலை விலை அதிகமில்லை. எந்த வலையானாலும் மிக நுண்ணிய தூசி கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதனால் ஆண்டுக்கு இருமுறையாவது பெட்டியைத் திறந்து ப்ளோயர் அடிக்க வேண்டும். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைத் தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். ஆனியும் ஆடியும் முடியும்வரை வாரம் ஒருமுறை வலையைக் கழற்றித் தண்ணீரில் அலசுங்கள். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.