கண் சிவந்தால் எல்லாம் 'மெட்ராஸ் ஐ' அல்ல: கருவிழி அழற்சியை அடையாளம் காண்பது எப்படி?

புதுடெல்லி: மழைக்காலம் தொடங்கியதும் கண் சிவந்து மருத்துவமனைக்கு வருவோரின் எண்ணிக்கை கூடுவது வழக்கம். 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டெல்லி, மகாராஷ்டிரா, குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்களில் 'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண் வெண்படல அழற்சி வேகமாகப் பரவியது. அத்தகைய நாட்களில், கண் சிவந்தாலே 'மெட்ராஸ் ஐ'தான் என்று தாமாகவே முடிவு செய்து, மருந்துக் கடையில் ஏதேனும் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வோர் பலர். ஆனால் அந்தச் சிவப்புக்குக் காரணம் கருவிழியில் ஏற்பட்ட அழற்சியாக இருந்தால், ஓரிரு நாள் தாமதமும் தவறான சொட்டு மருந்தும் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல அமைந்திருக்கும் ஒளி ஊடுருவும் படலமே கருவிழிப் படலம். நமக்குக் கருமையாகத் தெரிவது அதன் பின்னால் உள்ள பகுதி. இந்தப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆனால் நரம்பு நுனிகள் மிக அடர்த்தியாக உள்ளன. சிறு கீறல்கூடக் கடுமையாக வலிப்பது அதனால்தான். இங்கு புண் ஏற்பட்டு ஆறும்போது வெண்மையான தழும்பு விழுந்தால், அது ஒளியின் பாதையை நிரந்தரமாக மறைக்கும். இந்தியாவில் பார்வையிழப்பை ஏற்படுத்தும் முக்கியக் காரணங்களுள் கருவிழித் தழும்பும் ஒன்று.

வேறுபாட்டை உணர்வது எப்படி?

'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாளில் மறு கண்ணுக்கும் பரவும். உறுத்தல், நீர் வடிதல், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை இருக்கும். வீட்டிலோ பள்ளியிலோ வேறு எவருக்கேனும் அது இருந்திருக்கும். சிவப்பு, கண்ணின் வெள்ளைப் பகுதி முழுவதும் பரவியிருக்கும். பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தானாகவே குணமாகும். வைரஸ் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் பயன் தராது. துண்டு, தலையணை உறைகளைப் பகிராமல், கைகளை அடிக்கடி சோப்பால் கழுவினாலே பரவலைப் பெரிதும் தடுக்கலாம்.

கருவிழி அழற்சியின் அறிகுறிகள் வேறு. வெறும் உறுத்தலாக இல்லாமல் வலியாக இருக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசும். சிவப்பு, கருவிழியைச் சுற்றிய வளையத்தில் அதிகமாக இருக்கும். பார்வை மங்கும், சில நேரங்களில் கருவிழியின் மீது வெண்புள்ளி தெரியும். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சிவந்த கண்ணால் மட்டும் நாட்காட்டியைப் படித்துப் பார்க்கலாம். எழுத்து மங்கினாலோ, வலியும் கூச்சமும் சேர்ந்திருந்தாலோ அன்றைய தினமே கண் மருத்துவரை அணுக வேண்டும். 'மெட்ராஸ் ஐ'யிலும் சிலருக்குச் சில நாட்கள் கழித்துக் கருவிழியில் பாதிப்பு ஏற்படுவதுண்டு என்பதால், பார்வை மங்கினால் காத்திருக்கக் கூடாது.

வயல்வெளியில் தொடங்கும் புண்

நம் நாட்டில் கருவிழிப் புண்ணால் அதிகம் பாதிக்கப்படுவோர் வேளாண் பணியாளர்கள். கதிரடிக்கும்போது தெறிக்கும் நெல்மணி, கரும்புத் தோகையின் கீறல், மாட்டின் வால் அடி எனக் காயம் அற்பமாகத்தான் தொடங்கும். ஆனால் அதன் வழியே பூஞ்சை உள்ளே நுழைந்துவிடுகிறது. மண்ணிலும் பயிரிலும் இயல்பாகக் காணப்படும் ஃபியுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகளே இதில் முதன்மையானவை. தாய்ப்பால், இலைச்சாறு போன்றவற்றைக் கண்ணில் விடுவதும், நாவால் தூசியை எடுப்பதும் புதிய கிருமிகளைப் புண்ணில் சேர்ப்பதாகவே முடியும்.

விரைந்து செயல்படுவதன் பலனுக்கு அண்டை நாடான நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு நல்ல சான்று. 2001ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், கருவிழியில் கீறல் ஏற்பட்டவர்களுக்குக் குளோரம்பெனிகால் களிம்பு தினமும் 3 முறை வீதம் 3 நாட்கள் தரப்பட்டது. காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. 24 முதல் 48 மணி நேரம் கழித்து வந்த 49 பேரில் 14 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. விலை மலிவான ஒரு களிம்புதான். பலனைத் தீர்மானித்தது நேரம்.

நிவாரணம் போல் தோன்றும் ஆபத்து

தாமதத்தைவிடக் கொடியது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்றவை அழற்சியை அடக்குவதால், ஓரிரு நாளில் சிவப்பும் வலியும் குறையும். நோயாளி குணமாகிவிட்டதாக எண்ணுவார். உண்மையில் உடலின் எதிர்ப்பாற்றல் ஒடுங்கிய நிலையில் பூஞ்சை ஆழமாக ஊடுருவிக்கொண்டிருக்கும். அக்கி வகை ஹெர்பீஸ் வைரஸால் வரும் கிளை வடிவப் புண்ணும் இவ்வாறே பரவும். மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத மருந்துகள் இவை. ஆயினும் பழைய சீட்டைக் காட்டியோ, பக்கத்து வீட்டாரிடம் மிச்சமிருந்த குப்பியை வாங்கியோ பயன்படுத்துவது தொடர்கிறது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தே தீயது என்பதில்லை. கண்ணைப் பரிசோதித்த மருத்துவர் சில நோய்களுக்கு அதைத் தருவதுண்டு.

மருத்துவர் முதலில் மஞ்சள் நிறச் சாயத்தை இட்டு, நீல ஒளியில் புண்ணின் அளவைக் காண்பார். பிறகு மரத்துப்போகும் மருந்திட்டு, புண்ணைச் சுரண்டியெடுத்த துகளை நுண்ணோக்கியில் ஆராய்வார். கிருமி எது என்பதைப் பொறுத்தே மருந்து மாறும். பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக், ஹெர்பீசுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து, பூஞ்சைக்கு நாட்டமைசின். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசினே, குறிப்பாக ஃபியுசேரியம் தொற்றில், சிறந்த பலன் தந்தது. தொடக்கத்தில் மணிக்கொரு முறை சொட்டு விட வேண்டும். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். வலி குறைந்ததும் நிறுத்திவிடுவதால் புண் மீண்டும் மூள்வதுண்டு. மருந்துக்குக் கட்டுப்படாமல் கருவிழி துளைபட்டால், தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்த நேரிடும்.

பிற காரணங்கள்

காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் கண் சிவந்தால் உடனே அதைக் கழற்றிவிட்டு, மருத்துவரிடம் செல்லும்போது லென்ஸையும் உடன் கொண்டு செல்வது நல்லது. குழாய் நீரில் லென்ஸைக் கழுவுவதால் அகாந்தமீபா என்ற கிருமி தொற்றக்கூடும். அதைக் குணப்படுத்துவது மிகக் கடினம். கடும் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவற்றுடன் கண் சிவந்தால் அது திடீர் கண் அழுத்த நோயாக இருக்கலாம். சில மணி நேரமே அவகாசம். மாறாக, வலியே இன்றி வெள்ளைப் பகுதியில் இரத்தம் திட்டாகத் தேங்கி நிற்பது பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் பெரும்பாலும் தீங்கற்றது. இருமல், தும்மலால்கூட வரும். இரண்டு வாரங்களில் மறையும். அது அடிக்கடி வந்தால் இரத்த அழுத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

சுண்ணாம்பு, அமிலம், வீட்டைச் சுத்தம் செய்யும் திரவம் போன்றவை கண்ணில் பட்டால் மட்டும் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் முதலுதவி அவசியம். இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து கழுவ வேண்டும். அதன் பிறகே புறப்பட வேண்டும்.