தானமும் தேதியும்

2021 மே 19 அன்று ஆப்பிரிக்க நாடான மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் 19,610 டோஸ் அஸ்ட்ராஜெனெகா கொரோனா தடுப்பூசியை அரசே தீயிட்டு அழித்தது. ஏழை நாடு, இலவசமாக வந்த மருந்து; கேட்டவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் ஆப்பிரிக்க ஒன்றியம் வழியாக அவை உட்பட மொத்தம் 1,02,000 டோஸ் வந்திறங்கியது மார்ச் 26இல். காலாவதி ஏப்ரல் 13. குளிர்பதனம் கெடாமல் மாவட்டங்களுக்குப் பிரித்தனுப்பி, ஊராருக்குச் சொல்லி, செவிலியர்களை அமர்த்தி ஊசி போட 18 நாள்! அதற்குள் பெரும்பகுதியைப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் வியப்பு. தடுப்பூசி உதவியை டோஸ் கணக்கில் மட்டும் அளப்பது கொடுப்பவருக்கு வசதி. வாங்குபவருக்கு அதில் மீதமிருக்கும் நாட்களும் கணக்கு.

இந்த நெருக்கடி தற்செயலானதல்ல. ஏழை நாடுகளுக்காக உருவான கோவாக்ஸ் திட்டம் (நம் கோவாக்சின் ஊசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) தயாரிப்பாளர்களிடமே நேரடியாக வாங்கத்தான் எண்ணியது. 2021 பிப்ரவரியில் கானாவுக்குப் போன அதன் முதல் 6 லட்சம் டோஸ் புனேயின் சீரம் நிறுவனத்தில் தயாரானது. அடுத்த மாதமே இந்தியாவில் தொற்று ஏற, ஏற்றுமதி நின்றது. அந்த இடத்தை நிரப்ப வந்தது பணக்கார நாடுகளின் உபரி. தங்களுக்குத் தேவைப்படாது என்று உறுதியான பிறகே கையை விட்டதால், பல டோஸ்கள் ஆயுளின் கடைசி வாரங்களில்தான் விமானம் ஏறின.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்கலாம். ஆனால் கெடு நெருங்கிய மருந்தை வாங்கினால் அதைப் போடுவதற்காக வழக்கமான மருத்துவப் பணிகளிலிருந்து ஆட்களை இழுக்க வேண்டும். மிஞ்சினால் அழிக்கும் செலவும் பழியும் வாங்கியவருக்கே. மக்களின் தயக்கமும் உள்ளூர் நிர்வாகத்தின் மந்தமும் காரணமில்லையா என்பது இதைவிட வலுவான கேள்வி. காங்கோ ஜனநாயகக் குடியரசு தனக்கு வந்த 17 லட்சத்தில் 13 லட்சம் டோஸைப் பிற நாடுகளுக்குத் திருப்பிவிட்டது உண்மைதான். ஆனால் இரத்தம் உறையும் அச்சத்தில் ஐரோப்பிய நாடுகளே அஸ்ட்ராஜெனெகா ஊசியை நிறுத்திவைத்தபோதுதான் அங்கும் தொடக்கம் தள்ளிப்போனது. காலாவதிச் செய்திகளோ தயக்கத்தைக் கூட்டவே செய்தன. தேதி கடந்த மருந்து யாருக்கும் போகவில்லை என்று காட்டத்தான் மலாவி அரசு அதை எல்லோரும் பார்க்க எரித்தது.

நன்கொடை டோஸ்களுக்குக் குறைந்தது 10 வார ஆயுள் இருக்கட்டும், 4 வாரம் முன்பே தகவல் வரட்டும், சிரிஞ்சும் கூடவே வரட்டும் என்று 2021 நவம்பர் 29 அன்று கோவாக்ஸும் ஆப்பிரிக்க அமைப்புகளும் கூட்டாகக் கேட்டன. அடுத்து வந்த டிசம்பரில் மட்டும் ஏழை நாடுகள் 10 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களை வேண்டாமென்றன. முக்கியக் காரணம் குறுகிய ஆயுள் என்றது யுனிசெஃப்.