வேப்பமர நிழலில் ஆயிரம் வளையங்கள்

2019 டிசம்பர் 26. மார்கழிப் பனி இன்னும் முழுதாய் விலகாத காலை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஊரில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் சூரிய கிரகணம் பார்க்க ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். கீழே சமையலறையில் இட்லி மாவிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டுவிட்டு, தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தும் வேலையில் இருந்தார் அத்தை. பக்குவமாய் வைத்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். ஆனால் அன்றைக்கு அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எட்டு மணிக்குச் சற்றுப் பின் சூரியனின் விளிம்பில் சின்னதாய் ஒரு கடி விழுந்தது. அது மெல்ல மெல்ல வளர்ந்து, ஒன்பதரை வாக்கில் வளையமாய்க் கூடியது. கிரகணக் கண்ணாடி வழியே பார்த்தால், கரிய வட்டத்தைச் சுற்றிப் பொன்னை இழைத்து வார்த்த கங்கணம். மூன்று நிமிடம்தான் அந்தக் காட்சி. கண்ணாடியைக் கழற்றித் தெருவைப் பார்த்தால் வழக்கமான பகல்! வெயில் மட்டும் சோகை பிடித்தாற்போல் வெளுத்திருந்தது.

“இருட்டிடும்னு டி.வி.ல சொன்னாங்களே சார், இவ்வளவுதானா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் முகத்தில் ஏமாற்றம். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

பிழை வானத்தில் இல்லை. நிலவு நம்மைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல. சில நாள் 3,63,000 கிலோமீட்டர் வரை நெருங்கும். சில நாள் 4,05,000 கிலோமீட்டர் வரை விலகும். விலகி நிற்கும் அமாவாசையில் கிரகணம் நேர்ந்தால், சூரியனை முழுக்க மறைக்க நிலவின் உருவம் போதாது. ஓரம் மிஞ்சிவிடும். அந்த ஓரம் எவ்வளவு வலியது என்பதுதான் வியப்பு. பௌர்ணமி நிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். அதில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும், 4,000 முழுநிலவுகள் ஒன்றாய்க் காய்வதற்குச் சமம். பிறகு எப்படி இருட்டும்?

அந்தக் கடைசி ஒரு பங்கும் மறைந்தால் நடப்பதே வேறு. 1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகத்திலிருந்து ஒடிசாவின் கொனாரக் வரை நிலவின் நிழல் கடந்தது. நிழலின் பாதையில் நிற்பவர்களுக்கு முழுகிரகணம் காட்டுவது இதுதான்: நிலவின் மலை இடுக்குகள் வழியே சூரியன் மணிமணியாய் மின்னும். ஒரே ஒரு மணி எஞ்சும்போது வானத்தில் வைர மோதிரம். அதுவும் அணைந்ததும், அதுவரை வெளிச்சத்துக்குள் ஒளிந்திருந்த கரோனா வெண்பட்டாய் விரியும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதற்கும் வெளியே இருக்கும் இந்த மகுடமோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல்! பட்டப்பகலில் வெள்ளி முளைக்கும். பறவைகள் கூட்டுக்குத் திரும்பும். காற்று சில்லிடும். இத்தனையும் பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள்.

இந்தச் சில நிமிடங்களைத் தேடி, 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் முழுகிரகணம் பார்க்க வந்தார் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகள் எதனால் ஆனவை என்று அறிவதே அவர் நோக்கம். நிறமாலைக் கருவியில் தெரிந்த கோடுகளின் பிரகாசத்தைக் கண்டு, கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே என்று மறுநாளே முயன்று வென்றார். அந்த ஆண்டு சூரியனில் பிடிபட்ட ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற தனிமத்தைக் காட்டிக்கொடுத்தது. பூமியில் அது கையில் சிக்கியது 1895-இல்! வந்தவருக்குக் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. ஆனாலும் ஆசை அடங்கவில்லை. 1871 டிசம்பரில் இன்னொரு கிரகணத்துக்காக நம் நீலகிரியின் சோலூருக்கு ஏறி வந்துவிட்டார்.

முழுகிரகணத்துக்கு அடிப்படையான கணக்கு மனத்தை மண்டியிட வைப்பது. சூரியன் நிலவைவிடச் சுமார் 400 மடங்கு பெரிது. சுமார் 400 மடங்கு தொலைவும்கூட. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவு. பாத்திரத்துக்கு அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி. செவ்வாயின் நிலவான போபோஸ் குறுக்கே வந்தால் சூரியனில் ஒரு துண்டைத்தான் மறைக்கும். நம் நிலவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போகிறது. சுமார் 60 கோடி ஆண்டு கழித்து, பூமியில் முழுகிரகணமே இருக்காது. மூடி பொருந்தும் காலத்தில் நம்மைப் பிறக்க வைத்த கருணைக்கு என்ன பெயர் சொல்வது?

அந்த மாடிக்கே திரும்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அப்படிக் கேட்டு முடிக்கும்போதே, வளையம் கலையும் முன், கீழே முற்றத்திலிருந்து ஒரு சிறுமி கத்தினாள்: “தாத்தா, தரையெல்லாம் வளையல்!”

எட்டிப் பார்த்தோம். வேப்பமர நிழலுக்குள் ஒளிவட்டங்கள் விழுமே, அவை ஒன்றுவிடாமல் வளையங்களாகியிருந்தன. சாய்வெயிலில் சற்றே நீண்ட வளையங்கள். கோலத்தின் மேல், திண்ணையின் மேல், படியிறங்கி வந்த அத்தையின் புடவை மேல். இலைகளுக்கிடையே இருக்கும் ஒவ்வொரு சிறு துளையும் ஊசித்துளைக் கேமரா. சூரியன் வளையமானதால், துளைகள் வரைந்த படங்களும் வளையமாகிவிட்டன. அப்படியானால் மற்ற நாள்களில் மரத்தடியில் விழும் வட்டங்கள்? அவையும் சூரியனின் படங்களே. இத்தனை வருடமும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் மறுபேச்சு பேசவில்லை. குனிந்து, உள்ளங்கையில் ஒரு வளையத்தை ஏந்திக்கொண்டார்.

2031 மே 21 அன்று, கேரளம் வழியாக மதுரை உள்ளிட்ட தென் தமிழகத்தை மறுபடி ஒரு கங்கண கிரகணம் கடக்கப்போகிறது. உச்சிவெயில் நேரம். இருட்டும் என்று காத்திருக்காதீர்கள், இருட்டாது. வளையம் கூடிய நேரத்திலும் வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள்; தரமான கிரகணக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். அது கிடைக்கவில்லை என்றாலும் பாதகமில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வேப்பமரத்தடிக்குப் போய், குனிந்து தரையைப் பாருங்கள்.